வரைபடத்தில் புள்ளி இல்லை, வாசலில் புகை: பந்திங்கில் ஓர் இணையப் பயிற்சி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலா லங்காட் வட்டாரத்தில் இரண்டு வாரம் மழை இல்லாமல் போனால் விடியற்காலையில் புகை நாறத் தொடங்கும். பந்திங் டவுனைச் சுற்றி, செம்பனைத் தோட்டங்களுக்கும் காய்கறிக் கொல்லைகளுக்கும் நடுவில் இருக்கும் குடியிருப்புகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளைகள் பள்ளி வேன் ஏறுகிற வேளையில் தொண்டை கரகரக்கும். பத்து மணிக்கெல்லாம் வானம் வெளுத்துவிடும். புகார் செய்தால் வருகிற பதிலும் பழகியதுதான்: குறிப்பிட்ட தேதியில் அந்தப் பகுதியில் ஹாட்ஸ்பாட் (செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளி) எதுவும் பதிவாகவில்லை.

அந்தப் பதில் பொய்யில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் உண்மையிலேயே புள்ளி இருக்காது. அதை "நெருப்பு இல்லை" என்று படிக்கலாமா என்பதுதான் வழக்கு. இங்கே நான் எழுதப்போகும் பயிற்சி அந்தக் கேள்விக்காகத் தொடங்கவில்லை. வேலைவாய்ப்புக்கு ஒரு சான்றிதழ் கிடைக்குமே என்றுதான் முதலில் ஆள் சேர்ந்தார்கள். போகப் போக எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

குழுவில் ஐந்து பேர். தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் ஒருத்தி, தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து விலகியவர், ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்), வரைபட வேலை பார்த்துப் பழகிய நான். மண்டோரை நாங்கள் அழைக்கவில்லை. பேத்திக்குத் துணையாக வந்தவர், திரையில் தன் பழைய தோட்டத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நிலம்

இந்தப் பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலாங்கூரின் கடலோரச் சமவெளியில் பல இடங்களில் மேல்மண் மண்ணே இல்லை. மக்காமல் நீரில் ஊறிக் கிடந்த இலையும் வேரும் கட்டையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து மீட்டர் கணக்கில் தடித்த சதுப்புக் கரிமண் அது. ஈரமாக இருக்கும்வரை தீப்பிடிக்காது. செம்பனையோ காய்கறியோ நட வேண்டுமென்றால் பாரிட் (வடிகால்) வெட்டி நீரை வடிக்க வேண்டும், வடித்தால் காயும், காய்ந்தால் அதுவே எரிபொருள். மேலே தீயை அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே போய் வேறோரிடத்தில் தலை காட்டும். வேர் வெந்து மரம் பச்சை மட்டையோடு சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் அடியில் நெருப்பு போயிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து மாவட்டமான கிள்ளானில் ஜோகான் செத்தியா இப்படி எரிந்து பேர் வாங்கிய இடம். 2019 ஆகஸ்டில் அங்கிருந்து வந்த புகை நாளிதழ்களின் முதல் பக்கம்வரை போனது. கோலா லங்காட் வடக்குக் காப்புக் காடும் இதே வகைச் சதுப்புதான். 2021-இல் அதன் ஒரு பகுதியைக் காப்பு நிலையிலிருந்து நீக்கியதும், எதிர்ப்பு கிளம்பிய பிறகு செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும்.

திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. பெரிய தோட்டங்கள் மறுநடவின்போது எரிக்காமல் மரத்தைச் சீவிக் குவித்து மக்கவிடும் முறைக்கு வந்து பல காலமாகிறது. எனவே பழி எப்போதும் தோட்டத்தின்மேல் விழ வேண்டியதில்லை. விழாமல் இருக்க வேண்டியதும் இல்லை. அதற்குத்தான் படம் தேவைப்பட்டது.

பயிற்சி

செயற்கைக்கோள் தரவைப் படிக்கக் கற்றுத்தரும் இலவச இணைய வகுப்புகள் இன்று நிறைய. நாசாவின் அர்செட் திட்டம் 2009 முதல் நடக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் தரவும் மென்பொருளும் யாருக்கும் திறந்தே இருக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த நிலை 2008-இல் ஒழிந்தது. அதன் பிறகு தடையாக இருப்பது பணம் இல்லை. நேரம், மொழி, சிக்னல்.

நேரம் என்றால் உண்மையாகவே நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் காலை பத்து மணி என்றால் பந்திங்கில் இரவு பத்து. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை வருகைப் பதிவுக்கு) விடியுமுன் எழுந்தே பழகிய மண்டோருக்கு அது நடுச்சாமம். சான்றிதழ் வேண்டுமானால் நேரலையில் உட்கார வேண்டும், வீட்டுப்பாடமும் தர வேண்டும் என்பது இத்தகைய வகுப்புகளின் பொதுவான விதி. அதனால் இளையவர்கள் இரவு உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பேச்சு தமிழில், பொத்தான்களின் பெயர் ஆங்கிலத்தில், இடப் பெயர் மலாயில். இதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. இங்கே எல்லாரும் தினமும் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

சிக்னல்தான் கழுத்தறுத்தது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படத்தின் ஒரு சதுரம் நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர். முழுசாக இறக்கினால் ஒரு ஜிகாபைட்டை நெருங்கும். கைப்பேசி டேட்டாவில் அது நடக்கிற காரியமில்லை. கூகுள் எர்த் என்ஜினில் கணக்கை அவர்கள் சர்வரிலேயே ஓட்டி, விடையை மட்டும் திரையில் பார்க்கும் வழிக்கு மாறினோம். வகுப்பில் இதை ஒரு வசதியாகச் சொன்னார்கள். எங்களுக்கு இது இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை.

பாடத்திட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான பயிற்சிகளைப் போல இதுவும் தாவரக் குறியீட்டில் தொடங்கியது. சிவப்பையும் அகச்சிவப்பையும் கூட்டிக் கழித்து வகுத்தால் பச்சை எங்கே என்று தெரியும். பார்க்க அழகாக இருக்கும். செம்பனை நாட்டில் எல்லாமே பச்சைதான். நெருப்புக்கான பயிற்சிப் படம் வறண்ட மலைக்காட்டில், தெளிந்த வானத்தின் கீழ், கொழுந்துவிட்டு எரிந்த தீ. எங்கள் தீ கொழுந்துவிடாது, எங்கள் வானம் தெளியாது.

செயற்கைக்கோள் எப்போது வருகிறது

முதல் பாடமாக இருந்திருக்க வேண்டியது இதுதான். ஹாட்ஸ்பாட் புள்ளிகளை இன்று முக்கியமாகத் தருவது வியர்ஸ் என்ற உணர்கருவி. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற மூன்று கோள்களில் அது இருக்கிறது. மூன்று இருப்பதால் நாள் முழுதும் கண்காணிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றும் ஒரே வகைப் பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக, சூரிய நேரப்படி பிற்பகல் ஒன்றரையை ஒட்டியும் பின்னிரவு ஒன்றரையை ஒட்டியும் கடக்கின்றன.

சூரிய நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக அரை மணி முன்னே தள்ளப்பட்டது. பந்திங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஆகவே கோளின் ஒன்றரை மணி நம் சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். பகலில் ஒரு பார்வை, இரவில் ஒரு பார்வை, இரண்டும் இரண்டே முக்காலை ஒட்டி ஒரு மணி முன்பின்னாக.

இதைப் பலகையில் எழுதியதும் டீச்சர் தன் நோட்டைப் புரட்டினார். புகை நாற்றம் வந்த நேரங்களை அவர் அதில் குறித்துவைத்திருந்தார்; ஆஸ்துமா உள்ள மாணவர்களுக்காகத் தொடங்கிய பழக்கம். அநேகமாக எல்லாக் குறிப்பும் காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில். காரணம் இருக்கிறது. இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிட, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடி போல நின்றுவிடுகிறது. இரவெல்லாம் கசிந்த புகை அந்த மூடிக்குள் சேர்ந்துகொண்டே போய் விடியலில் உச்சம் தொடுகிறது. வெயில் ஏறிக் கடல்காற்றும் அடிக்க ஆரம்பித்தால் கலைந்துவிடும். பகல் பார்வைக்குக் கோள் வரும் நேரத்தில் புகை போயிருக்கும்; பல நாள் இடிமேகம் கூடியிருக்கும்.

புகை போனால் என்ன, நெருப்பு அங்கேயேதானே இருக்கும் என்று கிராணி கேட்டார். சரியான கேள்வி. வியர்ஸ் பார்ப்பது புகையை அல்ல, வெப்பத்தை. அதன் ஒரு பிக்சல் தரையில் 375 மீட்டருக்கு 375 மீட்டர். தோட்டக் கணக்கில் ஏறத்தாழ 35 ஏக்கர். அந்த 35 ஏக்கருக்கும் சேர்த்து ஒரே எண். கொழுந்துவிட்டு எரியும் தீ சிறிதாக இருந்தாலும் 4 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் அந்த எண்ணைத் தூக்கிவிடும். மண்ணுக்கடியில் கனலும் நெருப்பின் வெப்பநிலை குறைவு, மேலே சாம்பலும் மண்ணும் மூடியிருக்கும்; சுற்றியுள்ள ஈரப் பச்சையோடு சராசரியில் கரைந்துபோகலாம். பழைய மோடிஸ் கருவியின் பிக்சல் ஒரு கிலோமீட்டர், அதாவது சுமார் 250 ஏக்கர். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும் ஜப்பானின் ஹிமாவாரி இருக்கிறதே என்றால், அதன் வெப்பப் படத்தின் பிக்சல் இரண்டு கிலோமீட்டர். அடிக்கடி பார்ப்பது மங்கலாகப் பார்க்கிறது; கூர்மையாகப் பார்ப்பது எப்போதோ வருகிறது.

இன்னொன்றும் இங்கே சேர்ந்தது. புள்ளி விழுந்தாலும் அது பிக்சலின் நடுப்புள்ளி. நெருப்பு நின்ற இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு புள்ளி லங்காட் ஆற்றின் நடுவில் விழுந்திருந்தது. மண்டோருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது.

மேகத்தை நீக்கினால் புகையும் போகும்

அடுத்த வழி, எரிந்த பிறகு தழும்பைத் தேடுவது. சென்டினல்-2 இதற்கு ஏற்றது: 2015-இல் முதல் கோள், 2017-இல் இரண்டாவது, இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை. எரிந்த நிலத்தைக் காட்டும் குறுஅலை அகச்சிவப்புப் பட்டையின் பிக்சல் 20 மீட்டர். ஐந்தாறு செம்பனை நிற்கும் இடம். கோள் வரும் நேரம் நம் கடிகாரத்தில் காலை பதினொன்றரையை ஒட்டி. அதற்குள் மேகம் எழும்பிவிடுவது நம் ஊர் வழக்கம்.

மேகத்துக்கு வகுப்பில் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று, மேகப் பிக்சல்களை மறைக்கும் வடிகட்டி. இரண்டு, பல மாதப் படங்களை அடுக்கி இடைநிலை மதிப்பை மட்டும் எடுப்பது. மேகமே இல்லாத பளிங்குப் படம் வரும். நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு இது அருமையான உத்தி. நெருப்புக்கு இது நஞ்சு. ஓரிரு வாரம் கருகி, பிறகு லாலாங் புல் முளைத்துப் பச்சையாகிவிடும் நிலம் இடைநிலை மதிப்பில் அடையாளமே இல்லாமல் போகும். வடிகட்டியோ புகையை மெல்லிய மேகம் என்று நினைத்து அகற்றிவிடுகிறது. தேடிப் போன பொருளையே கூட்டித் தள்ளுகிற வேலை. பாலிடெக்னிக் பெண் வடிகட்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தேதிப் படத்தையும் கண்ணால் பார்க்கத் தொடங்கியதும்தான் காரியம் நகர்ந்தது. அலுப்பான வேலை, எந்தப் பயிற்சி விளம்பரத்திலும் இதைப் போடமாட்டார்கள்.

வெப்பமண்டல மேகம் மலேசியாவுக்குப் புதிய தலைவலி இல்லை. 2009 ஜூலையில் ஏவப்பட்ட மலேசியச் செயற்கைக்கோளான ரசாக்சாட் துருவப் பாதையில் போகாமல் நிலநடுக்கோட்டை ஒட்டியே, 9 பாகைச் சாய்வில் சுற்றியது இதற்காகத்தான். ஒரே நாளில் பல முறை நம் தலைக்குமேல் வந்தால் மேக இடுக்கில் ஒரு முறையாவது தரை தெரியும் என்ற யோசனை. யோசனை நன்று, கோள் நீண்ட நாள் உழைக்கவில்லை.

சிவந்த கட்டம்

எரிதல் குறியீடு என்பது இரண்டு பட்டைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. உயிருள்ள இலை அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், குறுஅலை அகச்சிவப்பை அதிலுள்ள நீர் உறிஞ்சும். கருகினால் இரண்டும் தலைகீழ். எரிவதற்கு முந்தைய படத்திலிருந்து பிந்தையதைக் கழித்தால் மாற்றம் தெரியும். அப்படிக் கழித்த படத்தில் ஒரு பெரிய பகுதி பளிச்சென்று சிவந்தது.

"தாத்தா, இங்க பாருங்க, எவ்ளோ பெரிய நெருப்பு!"

மண்டோர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "எரிஞ்சா இப்படிக் கோடு போட்ட மாதிரி நிக்குமாம்மா? இந்தா, இது பிளாக் ரோடு. இது கலெக்ஷன் ரோடு. மரத்தைச் சாய்ச்சுப் போட்டிருக்கான், ரீப்ளாண்டிங்."

செம்பனையை இருபத்தைந்து ஆண்டு வாக்கில் சாய்த்து மறுபடி நடுவார்கள். சாய்த்த நிலமும் கருகிய நிலமும் குறியீட்டில் ஒரே மாதிரி விழும். அவர் அதற்குமேல் கட்டிய விதி எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததில்லை: தழும்பு கந்தலாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் பாரிட்டில் போய் முட்டி நின்றால் நெருப்பு, நாலு பக்கமும் ரோட்டில் நின்றால் மறுநடவு. விளிம்பின் வடிவத்தை வைத்துப் பிரிக்க மென்பொருளுக்கும் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு முதலில் எது எது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்த விதியை வைத்துப் பிரித்தபோது மிஞ்சியவை சிறு சிறு துண்டுகள். பெரும்பாலும் தோட்ட எல்லைக்கு வெளியே, கைவிடப்பட்ட மனைகளிலும் கொல்லைகளின் பின்புறப் பாரிட் ஓரத்திலும். சிலவற்றைப் பொதுச்சாலையிலிருந்தே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். சாய்ந்த மரங்கள், வெள்ளைச் சாம்பல், ஓர் இடத்தில் இன்னும் கசியும் புகை. அந்த இடங்களில் பலவற்றுக்கு, டீச்சரின் நோட்டில் புகை இருந்த நாட்களில், ஹாட்ஸ்பாட் புள்ளி ஒன்றுகூட இல்லை.

சுமத்திராவா, இங்கேயா

தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் நீரிணைக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு வந்தது. ஆகவே காலைப் புகையை "அது இந்தோனேசியாப் புகை" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். இதைப் பிரிக்கச் செயற்கைக்கோளே தேவைப்படவில்லை. சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் பந்திங், கிள்ளான், ஷா ஆலாம் நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கடல் தாண்டி வந்த புகை எல்லா நிலையத்தையும் சேர்த்துத் தூக்கி, நாட்கணக்கில் நிற்கும். உள்ளூர்ப் புகை ஒரு நிலையத்தை மட்டும் அசைக்கும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேர ஓடும் சராசரி. இரண்டு மணி நேரம் மூச்சு முட்டினாலும், மீதி இருபத்திரண்டு மணி நேரம் சுத்தமாக இருந்தால் எண் 100-ஐத் தாண்டாமலே போகலாம். பள்ளியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துவது 100-ஐத் தாண்டினால்தான். பிள்ளைகள் திடலில் சபைகூடலுக்கு நிற்கும் நேரமோ காலை ஏழரை.

ஆக மூன்று அளவைகள், மூன்றுக்கும் விடியற்காலையில் கண் மூடியிருக்கிறது. கோள் அந்நேரம் வருவதில்லை. வடிகட்டி புகையை மேகம் என்கிறது. சராசரி அதைத் தண்ணீர் கலந்து காட்டுகிறது. ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அவற்றை அடுக்கி வைத்து "எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதும்போதுதான் தவறு நுழைகிறது.

என்ன நடந்தது

மாதம் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தோம். இடது பக்கம் புகை நோட்டு: தேதி, நேரம், காற்றுத் திசை. நடுவில் அந்த நாளின் கோள் கடந்த நேரங்கள். புள்ளி விழுந்ததா, மேகம் இருந்ததா, அல்லது தரை தெரிந்தும் புள்ளி விழவில்லையா. மேகத்தால் பார்க்க முடியாத நாளையும், பார்த்தும் ஒன்றும் தெரியாத நாளையும் வேறு வேறு நிறத்தில் போட்டது கிராணியின் ஏற்பாடு. கணக்குப் புத்தகத்தில் பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றில்லை என்று முப்பது வருஷம் கத்தியவர் அவர். வலது பக்கம் தழும்பு வரைபடம், நேரில் பார்த்த இடங்களுக்கு மட்டும் உறுதிக் குறி.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். முதல் பதில் பழைய பதிலே. பிறகு ஒரு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாரிட்டில் தடுப்பு வைத்து நீரை உயர்த்துவது பற்றிப் பேச்சு அடிபட்டது. வைத்ததாகத் தெரியவில்லை. பள்ளியில் நடந்தது அதைவிட உருப்படியானது: நாற்றம் இருக்கும் காலைகளில் சபைகூடல் திடலிலிருந்து மண்டபத்துக்கு மாறியது. இதற்குச் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்கலாம். மூக்கு சொல்வதை முன்பும் சொல்லித்தான் பார்த்தார்கள். புள்ளி ஏன் விழவில்லை என்று காரணம் காட்ட முடிந்த பிறகுதான் மூக்குக்கு மரியாதை வந்தது.

சான்றிதழ் இருவருக்குக் கிடைத்தது. மண்டோருக்கு இல்லை, அவரிடம் மின்னஞ்சல்கூட இல்லை.

வெள்ளத்தையும் இதே முறையில் பார்க்க ஆசை இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டி சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, மேகத்தை ஊடுருவும் ரேடார் கோளான சென்டினல்-1பி அதே மாதம் 23-ஆம் தேதி பழுதாகி நின்றுபோனது என்பதைப் பதிவுகளில் பார்த்தோம். கோள் இருந்தாலும் தோட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. சென்டினல்-1-இன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டரை ஒட்டியது. மட்டைகளில் பட்டே திரும்பிவிடும், அடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் படத்தில் தோட்டம் தோட்டமாகவே தெரியும். சுமார் 24 சென்டிமீட்டர் அலை இலைகளைத் தாண்டிக் கீழே போகும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்க-இந்திய ரேடார் கோளான நைசார் அந்த அலையில் வேலை செய்வது. அந்தத் தரவைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அதுவும் இரவு பத்து மணிக்குத்தான் இருக்கும்.

அடுத்த குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேருமுன் இரண்டு வாரம் காலைப் புகைக் குறிப்பு எழுதிக் கொண்டுவர வேண்டும். நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இருவர் நோட்டு தொடங்கிவிட்டார்கள்.